விமானி இல்லாத வானூர்தியில் நம் பிள்ளைகளை ஏற்றுவோமா?



செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பேச்சு இன்று ஆசிரியர் அறை தொடங்கித் திருமண மண்டபம் வரை எங்கும் நிறைந்திருக்கிறது. எந்த வேலை நிலைக்கும், எந்த வேலை போகும் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறோம். அப்பட்டியலில் விமானியின் பெயரும் இப்போது சேர்ந்துவிட்டது. "இனி வானூர்தியைக் கணினியே ஓட்டிவிடும், விமானி எதற்கு?" என்று கேட்போர் ஒரு பக்கம். "ஆளில்லாத வானூர்தியில் ஏறுவதா? ஒருகாலும் மாட்டேன்!" என்போர் மறுபக்கம்.

இவ்விரண்டு கருத்துகளிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வானூர்தியை ஓட்டும் ஆற்றல் இயந்திரத்திற்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், விமானியை நாம் அங்கே அமர்த்தியிருப்பது ஓட்டுவதற்காக மட்டும்தானா? இயந்திரம் தவறான செய்தியை உண்மையென்று நம்பிவிடும் வேளையில், 'இது சரியில்லையே' என்று ஐயுறுவதற்கு ஓர் ஆள் வேண்டாமா? என் கவலை இதைப் பற்றியதே.

தானே பறப்பது புதிய கதையன்று

1914-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாரிஸ் நகருக்கு அருகே, சேன் ஆற்றின்மேல் ஒரு வானூர்திக் காட்சி நடைபெற்றது. லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க இளைஞர், பறந்துகொண்டிருக்கும்போதே இரு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். அவருடைய உதவியாளரோ இறக்கையின்மீது நடந்தார். வானூர்தி சாயவில்லை. கைரோஸ்கோப் எனும் சுழல் கருவி அதனை நிலையாக வைத்திருந்தது. ஆட்டோபைலட் எனப்படும் தன்னியக்க ஓட்டுகருவியின் தொடக்கம் இதுதான்.

1947-இல் அமெரிக்க வான்படையின் சி-54 வானூர்தி ஒன்று, புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை எல்லாவற்றையும் தானாகவே செய்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது. 1965-இல் பயணிகளை ஏற்றி வந்த டிரைடண்ட் வானூர்தி லண்டன் ஹீத்ரோ நிலையத்தில் தானாகத் தரையிறங்கியது. இடையில் விமானி அறையில் இருந்தவர்களின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு காலத்தில் இரு விமானிகளுடன் வானொலி இயக்குநர், வழிகாட்டுநர், பொறியாளர் என ஐவர் அமர்ந்திருந்தனர். 1980-களில் அது இருவரானது. இன்று பேசப்படுவது ஐந்தை இரண்டாக்கிய அதே கணக்கின் அடுத்த வரிதான். இரண்டு ஒன்றாகுமா? ஒன்று சுழியமாகுமா?

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக உணர வேண்டும். பழைய ஆட்டோபைலட் செயற்கை நுண்ணறிவு அன்று. 'இந்த உயரம், இந்தத் திசை, இந்த வேகம்' என்று இட்ட கட்டளையை அது நிறைவேற்றும், அவ்வளவே. இப்போது வருவது வேறு வகை. 2020-இல் ஏர்பஸ் நிறுவனம் ஏ350 வானூர்தியைக் கொண்டு ஒரு சோதனையை நிறைவு செய்தது. ஓடுபாதையைப் படக்கருவிகளின் வழி தானே அடையாளம் கண்டு, அவ்வானூர்தி எழும்பியது, இறங்கியது. அதற்காக 500-க்கும் மேற்பட்ட சோதனைப் பறத்தல்கள் நடத்தப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை, இயந்திரத்திற்குக் 'கற்பிப்பதற்காக' ஒளிக்காட்சிகளைத் திரட்டுவதற்கே பயன்பட்டன. சீனாவில் 2023-ஆம் ஆண்டு, இருவர் அமரக்கூடிய, விமானியே இல்லாத ஈஹாங் எனும் சிறு வானூர்திக்கு அந்நாட்டு அரசு வகைச் சான்றிதழ் வழங்கியது. குறுந்தொலைவுக்கு மட்டும் பறக்கும் அதனைத் தரையிலிருந்து கண்காணிக்கின்றனர்.

ஆகவே, 'நடக்காது' என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வதில் பொருளில்லை.

மனிதனும் தவறு செய்பவனே

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையோடு கேட்போம். தொடர்வண்டியில் ஓட்டுநர் இல்லாமல் நாம் பல்லாண்டுகளாகப் பயணம் செய்துகொண்டுதான் இருக்கிறோம். கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடம் 1998 முதலே ஓட்டுநரின்றி இயங்குகிறது. சிங்கப்பூரின் வடகிழக்கு எம்.ஆர்.டி. தடம் 2003-இல் அவ்வாறே தொடங்கப்பட்டது. 2021 மே 24-ஆம் நாள் கே.எல்.சி.சி. அருகே நிகழ்ந்த எல்.ஆர்.டி. மோதலை நினைவிருக்கிறதா? பயணிகளை ஏற்றிச் சென்ற வண்டி தானாக இயங்கிக்கொண்டிருந்தது. பயணிகளின்றி எதிரே வந்து மோதிய வண்டியைத்தான் மனிதர் ஒருவர் ஓட்டினார்; தவறான திசையில் ஓட்டினார்.

வானிலும் இத்தகைய சான்றுகள் உண்டு. 2002 ஜூலை முதல் நாள், ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரு வானூர்திகள் ஒன்றையொன்று நெருங்கின. மோதலைத் தவிர்க்கும் கருவி ஒரு வானூர்தியை 'மேலே ஏறு' என்றது. தரைக் கட்டுப்பாட்டாளரோ அதே வானூர்தியைக் 'கீழே இறங்கு' என்றார். விமானிகள் மனிதக் குரலுக்குக் கட்டுப்பட்டனர். 71 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் பள்ளிப் பிள்ளைகள். இத்தகைய வேளையில் கருவியின் கட்டளைக்கே கட்டுப்பட வேண்டும் என்ற விதி அதன் பின்னர் ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது. 2015-இல் ஜெர்மன்விங்ஸ் வானூர்தியின் துணை விமானி, தலைமை விமானி வெளியே சென்றபோது கதவைப் பூட்டிக்கொண்டு, வேண்டுமென்றே மலையில் மோதச் செய்தார். 150 உயிர்கள் போயின.

எனவே மனிதன் இருந்தாலே பாதுகாப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது. நானும் அவ்வாறு சொல்ல வரவில்லை. வானூர்திப் பயணம் இன்று இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதற்கு இயந்திரங்களின் பங்கு மிகப் பெரிது.

இயந்திரம் ஏமாறும்போது

ஆனால், தொடர்வண்டிக்கும் வானூர்திக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஐயம் ஏற்பட்டால் வண்டி நின்றுவிடலாம். கதவைத் திறந்து பயணிகளைத் தண்டவாளத்தின் ஓரமாக நடத்திச் செல்லலாம். வானூர்திக்கு 'நிற்பது' என்ற வழியே கிடையாது. தனக்குக் கிடைத்த செய்தி பொய்யானாலும் அது பறந்துகொண்டே இருக்க வேண்டும்.

2008 அக்டோபர் 7-ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து பெர்த் நகருக்குப் பறந்துகொண்டிருந்த குவாண்டஸ் 72 வானூர்தியில் நிகழ்ந்ததைப் பாருங்கள். வானிலையில் குறையில்லை, விமானிகள் எந்தத் தவறும் செய்யவில்லை. மூன்று அளவைக் கருவிகளுள் ஒன்று பொய்யான எண்களை அனுப்பியது. கணினி அதனை நம்பி, 'மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டது' என்று முடிவு செய்து, வானூர்தியின் மூக்கைக் கீழே தள்ளியது. இருக்கைவார் அணியாத பயணிகள் கூரையில் மோதினர். சிறிது நேரத்தில் மீண்டும் ஒருமுறை அவ்வாறே நிகழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். விமானிகள் வானூர்தியை மீட்டு, மேற்கு ஆஸ்திரேலியாவின் லியர்மந்த் நிலையத்தில் இறக்கினர்.

பத்தாண்டுகள் கழித்து, நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் இதனினும் கொடிய நிகழ்வு. போயிங் 737 மேக்ஸ் வானூர்தியில் எம்காஸ் எனும் மென்பொருள் இருந்தது. ஒரே ஓர் உணர்கருவி சொல்வதை நம்பி அது மூக்கைக் கீழே அழுத்தும். அப்படியொரு மென்பொருள் இருப்பதே விமானிகளுக்கு அறிவிக்கப்படவில்லை. 2018 அக்டோபர் 29-இல் லையன் ஏர் வானூர்தி ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டுக் கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தனர். 2019 மார்ச் 10-இல் எத்தியோப்பிய வானூர்தியில் மேலும் 157 பேர் இறந்தனர்.

இதில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அதே லையன் ஏர் வானூர்தி, அதற்கு முந்தைய இரவில் பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்தது. அன்றும் இதே கோளாறு தோன்றியது. அன்று விமானி அறையில் மூன்றாவதாக ஒரு விமானியும் அமர்ந்திருந்தார். அவர்கள் அந்த அமைப்பின் மின் இணைப்பைத் துண்டித்து, கைச்சக்கரத்தால் சமன்செய்து, பயணிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தனர். அதே வானூர்தி, அதே கோளாறு. ஓரிரவில் மனிதர்கள் ஐயுற்று இயந்திரத்தின் கையைத் தடுத்துவிட்டனர். மறுநாள் காலையில் அது இயலாமற் போனது.

ஐந்து பேர் கூடிச் செய்த வேலை

2010 நவம்பர் 4-ஆம் நாள் சாங்கி நிலையத்திலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது குவாண்டஸ் 32. ஏ380 எனும் ஈரடுக்கு வானூர்தி. 469 பேர் அதில் இருந்தனர். பாத்தாம் தீவுக்கு மேலே அதன் இயந்திரங்களுள் ஒன்று வெடித்துச் சிதறியது. சிதறிய உலோகத் துண்டுகள் இறக்கையைத் துளைத்து மின்கம்பிகளை அறுத்தன. கணினித் திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன.

அன்று விமானி அறையில் தற்செயலாக ஐந்து விமானிகள் இருந்தனர். ஒருவர் வானூர்தியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஏறத்தாழ 50 நிமிடம் அந்த எச்சரிக்கைகளைப் பகுத்தாய்ந்தனர். ஒரு கட்டத்தில் தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி தம் சிந்தனையையே தலைகீழாக மாற்றிக்கொண்டார். 'எவையெல்லாம் பழுதாகிவிட்டன?' என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு, 'எவை இன்னும் வேலை செய்கின்றன?' என்று எண்ணத் தொடங்கினார். எஞ்சியிருப்பதைக் கொண்டு தரையிறக்குவது எப்படி என்று திட்டமிட்டார். வானூர்தி சாங்கிக்கே திரும்பியது. தரையிறங்கிய பிறகும் ஓர் இயந்திரம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் அணைய மறுத்தது. ஆயினும் 469 பேரும் உயிரோடு இறங்கினர்.

கற்பிக்கப்பட்ட எடுத்துக்காட்டுகளில் இல்லாத ஒன்று நேர்ந்தால், கேள்வியையே மாற்றிக் கேட்கும் இந்த ஆற்றலை இயந்திரத்திடம் இன்று யாராலும் உறுதியாக எதிர்பார்க்க முடியாது. எடுத்துக்காட்டுகளைக் கொண்டு பழகிய செயற்கை நுண்ணறிவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய மென்பொருளை வரிவரியாகப் படித்து, 'இது ஏன் இப்படிச் செய்தது?' என்று கேட்கலாம். கற்றுக்கொண்ட இயந்திரத்தின் உள்ளே அவ்வாறு படிப்பதற்கு வரிகள் இல்லை. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் வானூர்திப் பாதுகாப்பு முகமை, 2020-இல் வெளியிட்ட வழிகாட்டித் திட்டத்தில், மனிதனுக்குத் துணை நிற்பது, மனிதனோடு இணைந்து செயல்படுவது, தானே செயல்படுவது என்று படிப்படியாகவே செல்ல வேண்டும் என வகுத்தது.

பழகாத கை

'அப்படியானால் எல்லாவற்றையும் இயந்திரம் செய்யட்டும். ஆபத்து வந்தால் மட்டும் மனிதன் கைகொடுக்கட்டும்' என்று சிலர் சொல்லக்கூடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் இதுவே மிகவும் ஆபத்தான ஏற்பாடு என்பது என் கருத்து.

2009 ஜூன் முதல் நாள் ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 இதற்குச் சான்று. நடுக்கடலில், இரவில், வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது. வேகம் தெரியாத ஆட்டோபைலட் தன் பொறுப்பைக் கைவிட்டு வானூர்தியை விமானிகளிடம் ஒப்படைத்தது. தலைமை விமானி அப்போது ஓய்வில் இருந்தார். அளவைகள் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் சரியாகிவிட்டன. ஆனால், அத்தனை உயரத்தில் கையால் ஓட்டிப் பழகாத துணை விமானி மூக்கை மேலே தூக்கினார், தூக்கிக்கொண்டே இருந்தார். வானூர்தி மிதக்கும் ஆற்றலை இழந்தது. ஆட்டோபைலட் விலகியதிலிருந்து நான்கரை நிமிடத்திற்குள் 228 பேரும் மாண்டனர்.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டானிய உளவியல் அறிஞர் 1983-லேயே இதனை எச்சரித்துக் கட்டுரை எழுதினார். எளிய வேலைகளையெல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, மிகக் கடினமான வேலையை மட்டும், அதுவும் பழக்கம் விட்டுப்போன மனிதனிடம் கொடுக்கிறோம் என்பதே அவர் சுட்டிய முரண். 2013-இல் அமெரிக்க வானூர்தித் துறையும், வாய்ப்புள்ள வேளைகளில் விமானிகளைக் கையால் ஓட்டவிடுமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

இதை ஆசிரியர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நீண்ட பள்ளி விடுமுறை முடிந்து வரும் பிள்ளையிடம் வாய்பாட்டைக் கேட்டுப் பாருங்கள்! நவம்பரில் ஒப்பித்த பிள்ளைதான். இப்போது விரல்களை எண்ணிக்கொண்டிருக்கும்.

ஒருவர் போதும் என்னும் திட்டம்

இத்தகைய பின்னணியில்தான் 'ஒரு விமானி போதும்' என்ற திட்டம் வந்தது. முதற்படியாக, நெடுந்தொலைவுப் பயணங்களில் வானூர்தி உயரே நிலையாகப் பறக்கும் மணிக்கணக்கான நேரத்தில் ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பார். மற்றவர் உறங்கச் செல்வார். இதனால் பணியாளர் செலவு குறையும். ஐரோப்பியப் பாதுகாப்பு முகமை இதனை ஆராய்ந்து, 2025-இல் முடிவை வெளியிட்டது. இன்றுள்ள விமானி அறை அமைப்பைக் கொண்டு, இருவர் இருக்கும் பயணத்திற்கு நிகரான பாதுகாப்பை மெய்ப்பிக்க இயலாது என்பதே அம்முடிவு. தனித்திருப்பவர் கண்ணயர்ந்தால் என்ன செய்வது? மயங்கி விழுந்தால்? கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தால்? அவர் செய்த பிழையைச் சுட்டிக்காட்டுவது யார்? இவையெல்லாம் மிக எளிய கேள்விகள். ஆனாலும் விடை கிடைக்கவில்லை.

ஆளில்லா வானூர்தி ஒருநாள் வரட்டும். நான் தடை சொல்லவில்லை. ஆனால், மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, செலவைக் குறைப்பதற்காக மட்டும் விமானியைக் குறைக்கக்கூடாது. நிகரான பாதுகாப்பு மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே அதைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டாவது, ஒரே ஒரு கருவியின் சொல்லை நம்பி உயிர்களைப் பணயம் வைக்கும் அமைப்பு எதற்கும் ஒப்புதல் தரலாகாது. மூன்றாவது, மனிதர் இருக்கும்வரை அவர் கையால் ஓட்டிப் பழகும் வாய்ப்பும் இருக்க வேண்டும். பெயருக்கு ஒருவரை அமர்த்திவிட்டு, விபத்து நேர்ந்தால் பழியைச் சுமக்க மட்டும் அவரைப் பயன்படுத்துவது நேர்மையாகாது.

நம் பொறுப்பு என்ன?

என் ஆண்டு 5 மாணவன் ஒருவன் விமானியாக வேண்டும் என்ற ஆசை உடையவன். "ஐயா, நான் பெரியவனாகும்போது அந்த வேலை இருக்குமா?" என்று கேட்டான். வேறு துறையைப் பார்க்கும்படி வீட்டில் சொன்னார்களாம். நான் அவனிடம், "வேலை இருக்கும், ஆனால் இன்றைய விமானியைவிட நீ அதிகம் தெரிந்திருக்க வேண்டும். இயந்திரம் சொல்வது சரியா என்று உனக்கே கணக்குப் போடத் தெரிய வேண்டும்" என்றேன். அவன் பெற்றோருக்கும் அதையே சொல்வேன். பத்து வயதுப் பிள்ளையின் கனவை, இன்னும் மெய்ப்பிக்கப்படாத ஒரு திட்டத்தை நம்பிக் கலைத்துவிடாதீர்கள்.

அதோடு, நம் வீட்டிலும் வகுப்பிலும் நடப்பதையும் சற்று எண்ணிப் பார்ப்போம். கட்டுரை எழுதச் சொன்னால் கைப்பேசி எழுதித் தருகிறது. கணக்கைப் படம் பிடித்தால் விடை வருகிறது. பிழையில்லாத தமிழில், அழகான பத்திகளில் வந்து சேர்கிறது. இவற்றை அடியோடு தடுத்துவிட முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால், வரிசை முக்கியம். தானே பத்துக் கட்டுரை எழுதித் திணறிய பிள்ளைக்குத்தான், இயந்திரம் எழுதிய பதினோராவது கட்டுரையில் எது பொய், எது வெற்றுச் சொல் என்று தெரியும். எழுதியே பழகாத பிள்ளை அதை அப்படியே நம்பும். ஒரே ஓர் உணர்கருவியை நம்பிய எம்காஸ் போல.

மனக்கணக்கு, கையெழுத்து, சொல்வதெழுதுதல், வாய்விட்டு வாசித்தல் ஆகியவற்றை 'பழைய முறை' என்று ஒதுக்கிவிட வேண்டாம். பெற்றோர்களே, வீட்டுப்பாடத்தில் விடை சரியா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், "இது எப்படி வந்தது, சொல்" என்று ஒருமுறை கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் பிள்ளை கற்றிருக்கிறது. தெரியாவிட்டால் கைப்பேசிதான் கற்றிருக்கிறது.

இன்று முதலாம் ஆண்டில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள், இன்னும் இருபது ஆண்டுகளில் வானூர்திகளை ஓட்டுவார்கள். அவற்றுக்கான மென்பொருளை எழுதுவார்கள். அவற்றுக்குச் சான்றிதழ் வழங்கும் அலுவலகங்களில் அமர்ந்திருப்பார்கள். விமானி வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறவர்கள் அவர்கள்தாம். திரையில் தோன்றும் எண்ணைப் பார்த்து, 'இது எப்படி வந்தது?' என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு அன்று இருக்க வேண்டுமானால், அதை இன்றே நம் வகுப்பறையில் தொடங்கியாக வேண்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.